ஏழாவது ஸ்லைடில் என் துண்டு

தம்பி, மடியில் வைத்திருக்கிற பையைப் பார்த்தால் கம்ப்யூட்டர் வேலை மாதிரி தெரிகிறது. ஒன்று கேட்கிறேன், தெரிந்தால் சொல்லுங்கள். பரீட்சையில் பாஸ் ஆன ஒருத்தனைத் திரும்ப ஃபெயில் ஆக்க முடியுமா? கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சைதான். பாஸ் என்று பதிந்துவிட்டது. அதை எடுக்க வேண்டும்.

வேறு யாருக்கும் இல்லை, எனக்குத்தான். சிரிக்காதீர்கள். அதற்காகத்தான் உடுமலையில் பஸ் ஏறினேன். எங்கள் மில்லுக்கு அந்தப் பாடத்தைத் தயார் பண்ணிக் கொடுத்த கம்பெனி கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் இருக்கிறது. நேராகப் போய், என் பேரில் இருக்கிற பாஸ் என்னுடையது இல்லை, அதை எடுங்கள் என்று சொல்லப் போகிறேன். எடுத்தால் என் வேலை போய்விடும். தெரியும். போனால் போகட்டும்.

என் பேர் ஆறுச்சாமி. நூல் மில்லில் பஞ்சுப் பொதி உடைத்து மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. ரிட்டயர்டு ஆகிவிட்டேன். ஆனால் அந்தத் தூசியில் நிற்க ஆள் கிடைக்காததால் வருஷா வருஷம் கான்ட்ராக்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். படிப்பு நாலாம் வகுப்பு வரைக்கும். அதுவும் வாத்தியார் என்கூடவே படித்த என் தம்பியைப் பாஸ் போட்டு என்னை அதே வகுப்பில் உட்கார வைத்தார், நான் போகவில்லை. அந்த வாத்தியார் செத்துப்போனபோது ஊரே போனது. நான் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டில் எங்கள் நூலை வாங்குகிறவர்களுக்கு திடீரென்று எங்கள் உயிர் மேல் அக்கறை வந்துவிட்டது. மில்லில் வேலை செய்கிற ஒவ்வொருத்தரும் பாதுகாப்புப் பாடம் படித்துப் பாஸ் ஆக வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாடம் என்றால் புத்தகம் இல்லை. சிலேட்டு மாதிரி ஒரு டேப். அதில் படம் ஓடும், ஒரு பொம்பளைக் குரல் பேசும், நடுநடுவே கேள்வி வரும். விரலால் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஸ்லைடு என்று பேர். முகமூடியை இழுத்து பொம்மையின் மூக்கில் வைக்கச் சொல்வார்கள். நான் முதல் தடவையிலேயே வைத்தேன். நெருப்பு அணைக்கிற சிலிண்டரை இழுத்து நெருப்புப் பக்கத்தில் விடச் சொல்வார்கள். விட்டேன். என் புத்தியில் குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏழாவது ஸ்லைடில்தான் என்னை மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பாடத்துக்காக மில்லுக்குள் படம் எடுக்க வந்தார்கள். சேஃப்டி ஆபீசர் திவாகர் என்று ஒரு பையன், அவன் என்னைப் பார்த்து, "அண்ணா, ஒரு ஆள் மெஷின் பக்கத்துல நிக்கிற மாதிரி வேணும். நீங்க எப்பவும் போல நில்லுங்க, போதும்" என்றான். படத்துக்கு யாராவது எப்பவும் போல நிற்பார்களா? சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்றி, தலை வாரி, இந்தத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். இதுதான் அந்தத் துண்டு. என் மகள் கல்யாணத்தில் தாராபுரத்துச் சம்பந்தி எனக்குப் போட்டது. தொட்டுப் பாருங்கள். சரிகைக் கரை. பெல்ட்டுப் பட்டை ஓடுகிற மெஷின் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். படம் எடுத்தவன் "சூப்பர்" என்றான்.

வீட்டில் சொன்னேன், பாடத்திலே என் படம் வருகிறது என்று. என் சம்சாரம் மகளிடம் சொன்னாள், மகள் சம்பந்தியிடம் சொன்னாள், சம்பந்தி போன் போட்டு, "நாங்க போட்ட துண்டாமே" என்று கேட்டார். ஆமாங்க சம்பந்தி, அதேதான் என்றேன்.

பாடம் வந்தது. கேன்டீனில் நாலு டேப் வைத்து வரிசையாக உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற ஒரு பெண். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது ஸ்லைடு வந்தது. திரை முழுக்க நான். நன்றாகத்தான் இருந்தேன். அப்போது அந்தக் குரல் சொன்னது: "இந்தப் படத்தில் விபத்துக்குக் காரணமாகக் கூடியது எது? அதைத் தொட்டுக் காட்டவும்."

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. என் கழுத்தில் விரலை வைத்தாள். பச்சையாக ஒரு டிக் விழுந்தது. "சரியான விடை. கழுத்தில் தொங்கும் துண்டு, சுழலும் பட்டையில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்."

அவள் திரும்பிப் பார்த்து, "அய்யோ, நீங்களாங்கண்ணா?" என்றாள்.

அன்றைக்கு மூன்று ஷிப்டும் நடந்தது அதுதான். மில்லில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் வரிசையில் வந்து என் கழுத்தில் விரல் வைத்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், மேனேஜர், மேனேஜரின் டிரைவர். கழுத்தில், கழுத்தில், கழுத்தில். ஒவ்வொரு தடவையும் பச்சை டிக், ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல்.

துண்டு சிக்கும் என்கிறார்கள். ஒரு தடவை சிக்கியதுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. இதோ பாருங்கள், இந்தப் பக்கம் கரை இருக்கிறது, அந்தப் பக்கம் இருக்காது. அந்தப் பக்கத்தைப் பட்டை எடுத்துக்கொண்டது. அதனால்தான் படத்துக்கு நல்ல பக்கத்தை முன்னால் போட்டு நின்றேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? கழுத்தில் ஒரு கோடு, அதுவும் ஆறிவிட்டது. கொஞ்ச நேரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அதற்குள் நாச்சிமுத்து ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துவிட்டான். யாரைக் கேட்டு அணைத்தான்? ஓடுகிற மெஷினைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே பஞ்சு அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு சாயங்காலம் வரை கை விட்டு எடுத்தோம். அவன் செய்கிற காரியம் எல்லாம் அப்படித்தான்.

நாச்சிமுத்து யார் என்று சொல்லவில்லையே. எனக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிறவன். நானும் அவனும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தோம். ஒன்றாகத்தான் ரிட்டயர்டு ஆனோம், ஒன்றாகத்தான் கான்ட்ராக்டில் இருக்கிறோம். என் மகள் கல்யாணத்துக்கு வந்தான். மொய் எழுதினான். போட்டோவில் நின்றான். சாப்பிடாமல் போய்விட்டான். வயிறு சரியில்லையாம். தம்பி, கல்யாண வீட்டுக்கு வந்து கை நனைக்காமல் போவது என்றால் என்ன அர்த்தம்? என் பேத்திக்கு இப்போது அஞ்சு வயது. இதுவரை நான் அவனிடம் நல்ல வார்த்தை பேசியதில்லை. பேசுவேன், வேலை விஷயம் பேசுவேன். டீ குடிக்கப் போனால் ஒன்றாகத்தான் போவோம். ஆனால் மனசு விட்டுப் பேசியதில்லை.

ஏழாவது ஸ்லைடில் இன்னொன்று இருந்தது. மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. என்னைப் படம் எடுக்கிறபோது தானும் விழ வேண்டும் என்று நெருங்கி வந்து நின்றானே நாச்சிமுத்து, அவனுடைய முழங்கை. அதற்கு மேலே அவன் கட்டியிருக்கிற காப்புக் கயிற்றை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

என் முறை வந்தது. அந்தக் குரல் கேட்டது, விபத்துக்குக் காரணம் எது என்று. நான் முழங்கையைத் தொட்டேன்.

"தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்."

மீண்டும் தொட்டேன். தவறு. மூன்று தடவை தவறினால் பாடம் முதலிலிருந்து ஓடும். ஓடியது. முகமூடி, சிலிண்டர், எல்லாம் சரியாக வைத்துவிட்டு ஏழுக்கு வந்தேன். முழங்கை. தவறு. திவாகர் வந்து, "என்னங்கண்ணா, இன்னும் முடியலையா?" என்றான். "நான் தொட்டுட்டுத்தான் இருக்கேன், இது எடுக்க மாட்டேங்குது" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லையே.

இப்படியே போயிற்று. மில் முழுக்கப் பாஸ், ஆறுச்சாமி மட்டும் பாக்கி. ஆபீசில் டிவி மாதிரி ஒன்றில் எல்லார் பேரும் பச்சையாக இருக்கும், என் பேர் மட்டும் சிவப்பு. மேனேஜருக்குத் தூக்கம் போய்விட்டது. ஸ்லைடில்தான் கோளாறு என்று கோயமுத்தூர் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து சுகிர்தா என்று ஒரு பெண் வந்தது. அந்தப் பாடத்தைச் செய்ததே அதுதானாம். நல்ல பெண். என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டது.

முதலில் டேப்பில் கோளாறு என்று வேறு டேப் கொடுத்தது. தவறு. அப்புறம் நெட்டு சரியில்லை என்று தன் போனிலிருந்து நெட்டு கொடுத்தது. தவறு. பழைய பதிவெல்லாம் உள்ளே தங்கியிருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பாடத்தைப் புதிதாக ஏற்றியது. தவறு. என் விரல்தான் காரணம், பஞ்சில் வேலை செய்து தோல் காய்ந்துவிட்டது, திரைக்கு விரல் தெரியவில்லை என்று சந்தேகம் வந்தது. ஈரத்துணியால் துடைக்கச் சொன்னது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னது. பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்து அதால் தொடச் சொன்னது. எல்லாவற்றையும் செய்தேன். நான் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொட்டது மட்டும் முழங்கையை.

அந்தப் பெண் தொடுகிறபோது சரியாக வரும். நான் தொடுகிறபோது வராது. அந்தப் பெண்ணுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

அப்புறம் அது ஒன்று கண்டுபிடித்தது. படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வரைந்திருப்பார்களாம். அதற்குள் தொட்டால் சரி, வெளியே தொட்டால் தவறு. "உங்க விரல் பெருசுங்கய்யா, கட்டம் சின்னதா இருக்கு, வெளிய போயிடுது போல" என்று சொல்லி, துண்டைச் சுற்றியிருந்த கட்டத்தை என் நெஞ்சு வரைக்கும் பெரிதாக்கியது. தவறு. என் உடம்பு முழுக்க. தவறு. மெஷினையும் சேர்த்தது. கடைசியில் தரை, கூரை, பின்னால் இருக்கிற வாளி, எல்லாவற்றையும் கட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. இடது ஓரத்து முழங்கை மட்டும் வெளியே நின்றது. இனிக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பாஸ் என்று மேனேஜரிடம் சொன்னது. மேனேஜர் லட்டு வாங்கி வரச் சொன்னார்.

நான் தொட்டேன். "தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தது. "ஐயா, இப்ப தொடுங்க, நான் பாக்கறேன்" என்றது.

தொட்டேன்.

"அது யாரோட கைங்கய்யா?"

"நாச்சிமுத்து கை."

"அதை ஏன் தொடறீங்க?"

"விபத்துக்குக் காரணம் எதுன்னுதானே கண்ணு கேக்குது?"

"அந்தக் கையால என்ன விபத்து?"

கல்யாணத்தில் சாப்பிடாமல் போனதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டது. கேட்டுவிட்டு, "ஐயா, நான் அந்தக் கையையும் சரின்னு போட்டுடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனா ஏன் சரின்னு விளக்கம் எழுதணும், அதை வெளிநாட்டுக்காரங்க படிப்பாங்க. என்னன்னு எழுதட்டும்?" என்றது.

"இப்பச் சொன்னேனே, அதையே எழுது."

"சாப்பிடாம போனார்னா?"

"பந்தியில எலை போட்டப்புறம் எந்திரிச்சுப் போனான்னு எழுது. எலை போட்டதை விட்டுடாத."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. மேனேஜரிடம் போய், ஸ்லைடில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டது. கட்டத்தையும் பழையபடி சின்னதாக்கிவிட்டுப் போனது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அறிக்கை அனுப்ப வேண்டும், அதற்குள் பாஸ் ஆனால் கான்ட்ராக்ட், ஆகாவிட்டால் திங்கட்கிழமை கேட்டில் உங்கள் பேர் இருக்காது என்றார். என் பேர் இருந்தால்தானே சதவீதம் குறைகிறது, பேரையே எடுத்துவிட்டால் எல்லாரும் பாஸ் என்று கணக்கு. "துண்டைத் தொட்டா முடிஞ்சு போச்சு ஆறுச்சாமி, உங்களுக்கு அதுல என்ன?" என்றார். அவருக்கு யாரும் துண்டு போட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் சம்சாரம் ஒரே பேச்சாகப் பேசினாள். வேலை போனால் வீட்டில் உட்கார்ந்து என் உயிரை எடுப்பாய், அதற்குப் பேசாமல் துண்டைத் தொட்டுத் தொலை என்றாள். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. வீட்டில் உட்காருவது என்றால் பயம்தான் தம்பி. பஞ்சுத் தூசி இல்லாமல் எனக்கு மூச்சே சரியாக வராது. ஆனால் என் கழுத்தில் நானே விரல் வைப்பதா? அந்தக் குரல் என்னைப் பார்த்து சரியான விடை என்று சொல்வதா? சனிக்கிழமை, நேற்றுத்தான், டேப் முன்னால் உட்கார்ந்தேன். ஏழாவது ஸ்லைடு வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்கையையும் தொடவில்லை, துண்டையும் தொடவில்லை. டேப்பை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் போனில் மெசேஜ் வந்தது. சம்சாரம் படித்தாள். "வாழ்த்துகள் ஆறுச்சாமி. நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்."

அவள் சாமி படத்துக்கு விளக்குப் போட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. டேப்பில் பாடத்துக்குள் போவதற்கு, மில்லில் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிற டோக்கன் நம்பர்தான் போட வேண்டும், ரகசிய எண்ணும் அதே டோக்கன் நம்பர்தான். என் டோக்கன் நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தவன் மில்லில் ஒருத்தன்தான். எனக்கு அடுத்த நம்பர் அவனுடையது.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நீதானே?"

"ஆமா, நான்தான். என்ன இப்ப?"

"எங்க தொட்ட?"

"எங்க தொடுவாங்க? துண்டைத்தான்."

"என் துண்டைத் தொட நீ யாரு?"

"ஏப்பா, நீ போயிட்டா ரெண்டு மெஷினுக்கும் நானே பொதி உடைக்கணும். இந்த வயசுல ஆகுமா எனக்கு? அதான் தொட்டேன். உனக்காகன்னு நெனச்சுக்காத" என்றான். அப்புறம், "அந்தத் துண்டை மில்லுக்குப் போட்டு வராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அன்னிக்கு உன் நாக்கு வெளிய வந்ததை நீ பாக்கல. நான் பாத்தேன்" என்றான்.

பேச்சை மாற்றுகிறான், பாருங்கள்.

அவன் பெண்டாட்டி, சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா என்று தட்டு வைத்தது. சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். தோசை ஊற்றிக் கொண்டு வந்து வைத்தது. நாலு தின்றேன். தோசை சாப்பாடு இல்லை தம்பி, அது பலகாரம். சோறு தின்றால்தான் சாப்பாட்டில் சேர்த்தி.

வெளியே வரும்போது சொன்னேன். "உன் தயவுல கெடைச்ச பாஸ் எனக்கு வேண்டாம். கோயமுத்தூர் போயி அதை ரத்துப் பண்ணாம விட மாட்டேன்." அவன், "போ, போயிட்டு வா" என்றான். சிரித்தான் என்று நினைக்கிறேன். இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

அதனால்தான் கிளம்பி வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமல்லவா? போய்க் கேட்பேன். அந்தப் பெண் சுகிர்தா இருந்தால் அதனிடமே கேட்பேன். இந்த மனுஷனுக்கு ஃபெயில் போடு கண்ணு, இவன் தொடவில்லை என்று.

என்ன தம்பி?

ஆமாம், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான். தெரியாமலா பஸ் ஏறுவேன்? கம்பெனி பூட்டித்தான் இருக்கும்.

நாளைக்கு வரலாமே என்கிறீர்கள். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு. கான்ட்ராக்ட் போட்ட முதல் நாளே லீவு எடுக்க முடியுமா? பொதி எல்லாம் வந்து இறங்கியிருக்கும், அவன் ஒருத்தன் என்ன செய்வான்? அடுத்த நாளும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை விட்டால் எனக்கு லீவே கிடையாது. நான் வருகிற நாளில் அவர்கள் பூட்டி வைத்திருந்தால் அது என் தப்பா?

போவேன். படி ஏறுவேன். பூட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பேன். நாளைக்குப் பொதி உடைக்கிறபோது அவனிடம் சொல்வேன், போனேன்டா, பூட்டியிருந்தது, இல்லாவிட்டால் உன் பாஸ் இந்நேரம் போயிருக்கும் என்று. அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?

இது எந்த ஊர், கிணத்துக்கடவா? அதற்குள் வந்துவிட்டதா? இன்றைக்குப் பார்த்து டிரைவர் இந்த விரட்டு விரட்டுகிறான்.

தம்பி, நீங்கள் அந்தப் பக்கத்து ஆள், உங்களுக்குத் தெரியும். இந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் சில இடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்து வேலை பார்க்கிறார்களாமே. ராமநாதபுரம் பக்கம் அப்படி எதுவும் இல்லையே?